ஒரே பெண் என்று சொன்னேன்

ஜவ்வாது மலைக்கு மாற்றல் வந்தால் எங்கள் துறையில் அழுவார்கள். யாரைப் பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று அலைவார்கள். நான் எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். "உங்களுக்கு இன்னா மேடம், தலையெழுத்தா?" என்று அலுவலகத்தில் இருந்த எழுத்தர் சிரித்தார். மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். உண்மையான காரணம் என் மூத்த மகள். மலையில் எங்களை யாருக்கும் தெரியாது.

நான் கிராம சுகாதார நர்ஸ். கணவர் இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டு பெண்கள். மூத்தவளுக்கு இருபத்து நான்கு வயது. பிறந்தபோது அவள் உடனே அழவில்லை. எத்தனையோ பிரசவம் பார்த்த எனக்கு, அந்த அமைதிக்கு என்ன அர்த்தம் என்று மேஜையில் படுத்திருந்தபோதே தெரிந்துவிட்டது. நான்கு வயதில்தான் நடந்தாள். இடது கால் கொஞ்சம் இழுக்கும். வலிப்பு உண்டு, அதற்கு இரண்டு வேளை மாத்திரை. சொந்தமாகப் பேசுகிற வார்த்தைகள் பத்துப் பன்னிரண்டு இருக்கும். மற்றபடி நாம் சொல்வதில் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வாள். "சாப்பிட்டியா?" என்றால் "சாப்பிட்டியா" என்பாள். "மழை வருது" என்றால் "வருது" என்பாள். சந்தோஷம் வந்துவிட்டால் தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குத்தான் நான் அதிகம் பயந்தேன்.

சின்னவளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது நாங்கள் திருப்பத்தூரில் இருந்தோம். முதலில் பெண் பார்க்க வந்த குடும்பம் நல்ல குடும்பம். பெரியவளை உள் அறையில் உட்கார வைத்து, கையில் பொட்டுக்கடலை கொடுத்திருந்தேன். கூடத்தில் யாரோ ஏதோ சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். அவளும் உள்ளேயிருந்து சிரித்தாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. வந்தவர்கள் காபியை முழுதாகக் குடிக்காமல் எழுந்துகொண்டார்கள்.

அதன் பிறகுதான் மாற்றல் கேட்டேன். சின்னவளை என் அண்ணன் வீட்டில் விட்டேன். சொந்தக்காரர்களிடம், பெரியவளை வேலூர்ப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்துவிட்டதாகச் சொன்னேன். அடுத்து வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம், எனக்கு ஒரே பெண் என்று சொன்னேன். அண்ணன்தான் அப்படிச் சொல்லச் சொன்னார் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் அப்படிச் சொல்லவில்லை. "எப்படிச் சொல்லலாம்னு யோசிக்கலாம்" என்றார், அவ்வளவுதான். மீதியை நானே சொன்னேன்.

ஜமுனாமரத்தூரில் கடைத்தெருவுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தேன். பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அதைப் பார்த்துத்தான் பிடித்தேன். காலையில் பெரியவளைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, மாத்திரை போட்டு, மதியச் சோற்றைத் தட்டில் பிசைந்து மூடி வைத்து, டிவியைப் போட்டுவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போவேன். மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ திரும்புவேன். நடுவில் வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வேறொரு தாய் அப்படிச் செய்தால் அவளை உட்கார வைத்து ஒரு மணி நேரம் புத்தி சொல்லியிருப்பேன்.

சொல்லவும் சொன்னேன். அதைத்தான் இப்போது எழுத வேண்டும்.

என் பொறுப்பில் இருந்த ஊர்களில் ஒன்று நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போகிற பாதையில் இருந்தது. ஷேர் ஜீப்பில் பாதி தூரம், பிறகு நடை. முப்பது வீடுகள் இருக்கும். வியாழக்கிழமை தோறும் அங்கே போவேன். போன சில வாரங்களிலேயே ஒரு வீட்டில் அதைப் பார்த்தேன். முப்பது வயது மதிக்கத்தக்க ஆள் ஒருவன், வீட்டுக் கம்பத்தில் காலைக் கயிற்றால் கட்டி உட்கார வைக்கப்பட்டிருந்தான். பேச்சு இல்லை. காது கேட்கும். கணுக்காலைச் சுற்றிக் கயிறு அறுத்த புண்ணில் ஈ மொய்த்தது. அவன் அம்மா சாமை விதைத்த கொல்லையிலிருந்து மண் கையோடு ஓடிவந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவளாக இருப்பாள்.

"ஏம்மா, இது உன் புள்ளையா, மாடா?" என்று கேட்டேன்.

"கட்டலன்னா காட்டுக்குள்ள போயிடறான் நர்சம்மா. போன வருஷம் ரெண்டு நாள் தேடனோம். நான் கொல்லைக்குப் போனாத்தான சோறு?"

"அதுக்குன்னு கட்டிப் போடுவியா? போலீஸ்ல சொன்னா உன்னைத்தான் புடிச்சிட்டுப் போவாங்க. பெத்த வயிறு எப்படி இதுக்கு ஒத்துக்குது?"

சுற்றிலும் ஊர்ப் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். ஆட்கள் சேரச் சேர என் குரலும் ஏறியது. அவள் தலையைக் குனிந்து, மண்ணைச் சேலையில் துடைத்தபடி நின்றாள். நான் கயிற்றை அவிழ்த்து, புண்ணைக் கழுவி மருந்து போட்டேன். மாற்றுத் திறனாளிகளுக்கான அடையாள அட்டை முகாம் வரப்போகிறது என்றும், போட்டோவும் ரேஷன் கார்டு நகலும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். திரும்பி நடக்கும்போது மனதுக்கு நிறைவாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டு வருகிறவளின் நடை நடந்தேன். வீட்டுக்கு வந்து பூட்டைத் திறந்தேன். என் மகள் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு சந்தை நாள். வேலை முடிந்து வந்தபோது, வீட்டுப் பின்பக்க ஜன்னலடியில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். போட்டோவும் நகலும் கொண்டுவந்தவள், சுகாதார நிலையத்தில் நான் இல்லாததால் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். முன்கதவில் பூட்டு. உள்ளே ஆள் சத்தம். சுற்றிக்கொண்டு பின்னால் வந்திருக்கிறாள். என் மகள் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, அந்த அம்மாவின் தலைமுடியைத் தடவிக்கொண்டிருந்தாள். மடியில் பாதி தின்ற கொய்யாப்பழம் இருந்தது. மறு பாதி என் மகள் வாயில்.

முதலில் வந்தது கோபம்தான்.

"இங்க எதுக்கு வந்தே?"

"போட்டோ கேட்டீங்களே நர்சம்மா." எழுந்து நின்று, ஜன்னலைப் பார்த்தாள். "இது யாருங்க?"

"எங்க அக்கா பொண்ணு. ரெண்டு நாள் இருக்க வந்திருக்கு."

"வந்திருக்கு," என்றாள் என் மகள். பிறகு என்னைப் பார்த்துக் கையை நீட்டி, "அம்மா" என்றாள். அது அவளுடைய சொந்த வார்த்தைகளில் முதல் வார்த்தை. அதைத் திருப்பிச் சொன்னதாகச் சொல்லித் தப்பிக்க வழியில்லை. யாரும் அங்கே அம்மா என்று சொல்லியிருக்கவில்லை.

அந்த அம்மா என்னையும் பார்க்கவில்லை, என் கையிலிருந்த சாவியையும் பார்க்கவில்லை. பையிலிருந்து போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். "சரிங்க நர்சம்மா, வர்றேன். ஜீப்பு பூடும்," என்று போய்விட்டாள். அன்று அவள் வீட்டு வாசலில் நான் கேட்ட கேள்வியை அவள் என்னிடம் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

முகாம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. என் பகுதியிலிருந்து பதினொரு பெயர் எழுதியிருந்தேன். குழந்தைகள், பெரியவர்கள், நடக்க முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள். ஒவ்வொருவரையும் ஜீப் பேசி ஏற்றி வந்தது நான்தான். டாக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க ஏரியால இவ்வளவுதானா? யாரும் விட்டுப் போகலையே?" என்று கேட்டார்.

"இல்ல சார். முழுசும் எடுத்துட்டேன்."

வரிசையில் மகன் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மா மூன்றாவது ஆளாக நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. காய்ச்சல்காரரை நாங்கள் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை. நான் பேனாவைத் தேடுகிறவள்போல மேஜைக்கடியில் குனிந்துகொண்டேன்.

சின்னவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வாணியம்பாடியில் மாப்பிள்ளைக்குச் சொந்தமாக உதிரிபாகக் கடை. திருப்பத்தூரில் மண்டபம். மூன்று நாள் நான் அங்கே இருந்தாக வேண்டும். பெரியவளை யாரிடம் விடுவது? அந்த மலையில் அவள் இருப்பது தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். வியாழக்கிழமை போனபோது, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டேன்.

"மூணு நாளா? போயி இருக்கறேங்க. கல்யாணம் யாருக்கு?"

"என் பொண்ணுக்கு."

"சின்னதுக்கா?"

"ஆமா," என்றேன். அந்த ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. மாத்திரை எப்போது, வலிப்பு வந்தால் எப்படிப் படுக்க வைப்பது என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். தன் மகனையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள்.

கல்யாணத்தில் நான் நன்றாகத்தான் இருந்தேன். அதுதான் வெட்கக்கேடு. பட்டுச் சேலை கட்டிக்கொண்டு, பந்தியை விசாரித்துக்கொண்டு, சம்பந்தியம்மாளோடு சிரித்துப் பேசிக்கொண்டு இருந்தேன். சொந்தக்காரர் யாராவது பெரியவளைப் பற்றித் தனியாகக் கேட்டால், "நல்லா பாத்துக்கறாங்க" என்றேன். நடுநடுவே ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அவள் ஞாபகமே இல்லாமல் இருந்திருக்கிறேன். தாலி கட்டி முடிந்து குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது, மாப்பிள்ளை என்னிடம், "எல்லாரும் வந்தாச்சா அத்தை?" என்று கேட்டார். "வந்தாச்சு தம்பி," என்றேன். அவர் ஒரு கணம் என் முகத்தையே பார்த்தார். அவருக்குக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆலங்காயம் வழியாகப் பஸ்ஸில் மலையேறித் திரும்பினேன். வீடு பூட்டியிருந்தது. என் சாவி என்னிடம் இருந்தது, திறந்தேன். உள்ளே யாருமில்லை. பெருக்கி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. பஸ் நிற்கிற இடத்து டீக்கடைக்கு ஓடினேன்.

"அந்தம்மா முந்தாநேத்தே உங்க பொண்ண இட்டுக்கினு ஜீப்புல போய்ட்டாங்க," என்றார் கடைக்காரர். "வந்தா சொல்லச் சொன்னாங்க. உங்களுக்கு இவ்ளோ பெரிய பொண்ணு இருக்கறதே தெரியாதுங்க. பன்னு குடுத்தேன். இன்னா சிரிப்பு சிரிக்குது!"

கடையில் இருந்த நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஜீப்பில் ஏறினால் டிரைவரும் அதையே பேசினார். "பொண்ணு முன் சீட்டுலதான் ஒக்காந்துச்சு." ஒன்றரை வருடமாக நான் காத்துவந்த ரகசியம் ஒரு பன்னோடும் ஒரு ஜீப் சவாரியோடும் கரைந்துபோயிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த அம்மாவை என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே நடந்தேன்.

ஊர்க் களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள். அவர்கள் நடுவில், காலை நீட்டிக்கொண்டு, மூக்கு நுனியிலும் புருவத்திலும் உமி படிய, என் மகள். கையில் ஒரு சின்ன முறம். புடைக்கத் தெரியவில்லை. அள்ளுவதும் கொட்டுவதுமாக இருந்தாள். பக்கத்தில் அந்த அம்மாவின் மகன், காலில் கயிறு இல்லாமல், சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் சாக்கை விட்டு நாலடி நடந்தால், பெண்களில் யாராவது ஒருத்தி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவன் திரும்பி வந்தான்.

"யாரைக் கேட்டு இங்க கூட்டிட்டு வந்தே?" என்றேன். வழியில் சேர்த்து வைத்த வார்த்தைகளில் அது ஒன்றுதான் வந்தது.

"உள்ளாற பூட்டிக்கினு ஒக்கார என்னால முடியலீங்க நர்சம்மா. அதாலயும் முடியல. ஜன்னல்லயே நிக்குது. எனக்கு மூச்சு முட்டிக்கிச்சு," என்றாள். "திட்டறதுன்னா திட்டுங்க."

அப்போது இன்னொரு பெண் சொன்னாள். "நீங்க அன்னிக்கு வந்து கத்திட்டுப் போனீங்களே, அன்னிக்கே நாங்க பேசிக்கினோம். வெளியாளு வந்து சொல்ற வரைக்கும் பாத்துக்கினு இருந்தோமேன்னு ஆயிடுச்சு. இப்ப யாரு களத்துல இருக்காங்களோ அவங்க அவனப் பாத்துக்கறது. நீங்க சொன்னதாலதாங்க."

நான் சொன்னதாலாம். வியாழன் தோறும் அவனைக் கயிறில்லாமல் பார்த்தும், யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை வாங்கிக்கொள்ளக்கூடாதா என்று இருந்தது.

மகள் கையைப் பிடித்தேன். "வாம்மா, வூட்டுக்குப் போலாம்."

நான் "போலாம்" என்று திரும்பி வரும் என்று காத்திருந்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள்.

"வேணாம்," என்றாள்.

அந்த வார்த்தையை அவள் வாயில் அதற்கு முன் நான் கேட்டதில்லை. அங்கிருந்த யாரும் அதைச் சொல்லியிருக்கவுமில்லை. மூன்று நாளில் யாரிடம் கேட்டுக் கற்றாளோ, அல்லது இத்தனை வருடமாக உள்ளே இருந்ததோ, தெரியவில்லை. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு புடைப்பதில் மும்முரமானார்கள். மண்டபத்திலிருந்து மாற்றாமலே கட்டிக்கொண்டு வந்த பட்டுச் சேலை என்னை ரொம்பவே வெட்கப்படுத்தியது.

"ஒக்காந்து கொஞ்சம் சாப்டுங்க," என்றாள் அந்த அம்மா. "அது வரும்போது வரட்டும்." சாமைச் சோறும் துவரங்குழம்பும் கொடுத்தாள். களத்து ஓரத்தில் உட்கார்ந்து தின்றேன். கடைசி ஜீப்புக்கு நேரமானபோது, அந்த அம்மாவும் கூட வந்தால்தான் வருவேன் என்பதுபோல என் மகள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஜீப் நிற்கும் இடம் வரை மூன்று பேரும் நடந்தோம். நான்தான் பின்னால் நடந்தேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வியாழனும் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெருந்தன்மையால் இல்லை. வேறு வழியில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தவிர, வியாழன் வந்தால் அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். முகாமுக்கு வந்த பதினொரு பேரின் வீடுகளும் எனக்குத் தெரியும் என்பதால், மற்ற அம்மாக்களையும் கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று அந்த அம்மாதான் சொன்னாள். புதுக் கட்டடம் வந்ததால் பழைய பால்வாடிக் கட்டடம் காலியாகக் கிடந்தது. ஊரில் கேட்டு அதைத் திறந்தோம். முதல் வாரம் நாங்கள் இருவரும் எங்கள் பிள்ளைகளும்தான். பிறகு நான்கு குடும்பம், ஏழு குடும்பம்.

பெரிய காரியம் ஒன்றும் அங்கே நடக்கவில்லை. புளி கொட்டை எடுத்தோம். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டோம். யாருக்கு மாத்திரை தீர்ந்தது, யாருக்கு உதவித்தொகை மனு திரும்பி வந்தது என்று பேசினோம். ஒரு பெண், பதினெட்டு வயதான, புரண்டுகூடப் படுக்க முடியாத மகளை முதுகில் சுமந்து வருவாள். முதல் இரண்டு வாரமும் அவள் மகளைக் கீழே இறக்கிவிட்டு, மூலையில் படுத்து, நாங்கள் எழுப்பும்வரை தூங்கினாள். ஒருவரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் எழுந்து உட்கார்ந்து, "எல்லாரும் இன்னா பேசிக்கினு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். ஐப்பசி வந்தது. தலை தீபாவளிக்கு மகளும் மருமகனும் என் வீட்டுக்கு வந்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டைப் பொறுத்தவரை எனக்கு இன்னமும் ஒரே பெண்தான். வியாழக்கிழமை, மற்றவர்கள் கிளம்பிய பிறகு, அந்த அம்மாவிடம் மறுபடியும் போய் நின்றேன். அதற்குள் அவளை அக்கா என்று கூப்பிடப் பழகியிருந்தேன்.

"அக்கா, ரெண்டே நாளு. தீபாவளிக்கு இவ உங்ககிட்ட இருக்கட்டும். மாப்பிள்ளை வர்றாரு."

அவள் புளியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அதுக்கு இங்க வரணும்னா எப்ப வேணா வரட்டும். ரெண்டு நாளு இல்ல, ரெண்டு மாசம் இருக்கட்டும். என் புள்ள மாதிரி பாத்துக்கறேன். ஆனா ஒளிச்சி வைக்க இட்டுக்கினு வராதீங்க."

"உங்களுக்குப் புரியாது அக்கா…"

"புரியுதுங்க. நானும் கட்டிப் போட்டவதான். எனக்குக் கொல்லை வேலை இருந்துச்சு. உங்களுக்கு இன்னா இருக்குதுன்னு நீங்கதான் பாத்துக்கணும்."

அன்று அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே ஜீப் ஏறினேன். மனதுக்குள் அவளைத் திட்டினேன். படிக்காதவள், உலகம் தெரியாதவள் என்றெல்லாம். அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

தீபாவளிக்கு முதல் நாள் மதியம் அவர்கள் வந்தார்கள். பெரியவளுக்கு நல்ல பாவாடை சட்டை போட்டு உள் அறையில் உட்கார வைத்திருந்தேன். மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு எப்படி ஆரம்பிப்பது என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், பையைத் திறந்து மூன்று துணிப் பொட்டலங்களை எடுத்துவைத்தார். ஒன்று எனக்கு. ஒன்று சின்னவளுக்கு.

"இது பெரியவங்களுக்கு," என்றார் மூன்றாவதைத் தொட்டு. "எந்த கலர் புடிக்கும்னு தெரியல அத்தை. இவ பச்சைன்னு சொன்னா."

உள்ளிருந்து "சொன்னா" என்று ஒரு குரல் கேட்டது. மாப்பிள்ளை பொட்டலத்தை எடுத்துக்கொண்டு நேராக உள்ளே போனார்.

சமையல்கட்டில் சின்னவளைப் பிடித்துக்கொண்டேன். "எப்போ சொன்னே?"

"நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லிட்டேம்மா. அவங்க அம்மாவுக்கும் தெரியும்."

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். "கல்யாணத்துக்கு அக்காவக் கூட்டிட்டு வருவேன்னு நெனச்சேன். கடைசி நிமிஷம் வரைக்கும் வாசலப் பாத்துட்டே இருந்தேன். அவரும் உங்கிட்ட கேட்டாரு. வந்தாச்சுன்னு நீ சிரிச்சிக்கிட்டே சொன்னப்போ, அதுக்கு மேல எனக்கு எதுவும் கேக்கத் தோணல." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்களுக்காகன்னு நெனச்சிக்காதம்மா. நாங்க கேக்கல," என்றாள்.

இத்தனை நாளும் சின்னவள் வாழ்க்கைக்காகத்தான் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அதுவும் போன பிறகு மிஞ்சியது நான் மட்டும்தான். என் மகளைப் பார்த்து வெட்கப்பட்டது என் மாப்பிள்ளையோ சம்பந்தியோ இல்லை.

அடுத்த முகாமில் அதே டாக்டர் வந்தார். பழைய பதினொன்றோடு சேர்த்துப் பட்டியலில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. கடைசிப் பெயருக்கு நேரே தாயின் பெயர், தொழில் என்று என் விவரத்தை நானே எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது.

"போன தடவை முழுசும் எடுத்துட்டேன்னீங்களே?"

"என் பொண்ண விட்டுட்டேன் சார்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும், கூட வந்திருந்த அக்காவிடம், முதன்முதலில் பார்த்த அன்று அவளைத் திட்டியதற்கு மன்னித்துவிடும்படி கேட்டேன். "கால்ல புண்ணு இருந்துச்சு. திட்டனீங்க. அது சரிதாங்க," என்றாள். மற்றதற்கு என்னை மன்னிக்கிற மாதிரி அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்று நான் எதிர்பார்த்ததும் தப்புதான்.

இப்போதும் வியாழக்கிழமைகளில் கூடுகிறோம். இப்போது ஒன்பது குடும்பம். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால், ஊருக்குப் போக வேண்டும் என்றால், பிள்ளையை யார் வீட்டில் விடுவது என்று பேசி வைத்திருக்கிறோம். எனக்குப் பிறகு இவளுக்கு யார் என்று கேட்டால், முன்புபோல ஒரே இருட்டாக இல்லை. ஐந்தாறு பெயர் சொல்ல முடியும். பெரியவள் பஸ்ஸில் சத்தமாகச் சிரிக்கும்போது எனக்கு இன்னமும் முகம் சூடாகிறது. கையை அவள் வாய்மேல் வைக்கப் போய், பாதியில் இழுத்துக்கொள்கிறேன்.

போன மாதம் சின்னவள் கல்யாண ஆல்பத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள். பெரியவளுக்கு அது பிடித்துவிட்டது. எங்கே போனாலும் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். பால்வாடிக் கட்டடத்துக்கும் கொண்டுவந்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். அவள் ஒவ்வொரு முகத்தின் மேலும் விரலை வைத்துக்கொண்டே போனாள். என் முகத்தில் "அம்மா" என்றாள். தங்கை முகத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. கடைசிப் பக்கம் வந்ததும் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள். மூன்றாவது முறை பார்த்து முடித்தபோது, மகளை முதுகில் சுமந்து வருகிற அந்தப் பெண் ஒன்றும் தெரியாமல் கேட்டாள்.

"நீ எங்க இருக்கற இதுல?"

"இதுல," என்றாள் என் மகள், அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டே.

அக்கா என் பக்கம் பார்க்கவில்லை. நான் புளியங்கொட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தேன்.